பஞ்சுருட்டான் கரையும் ராஜாங்கத்தின் உளுந்தும்

ஏப்ரல் கடைசியில் தஞ்சாவூருக்குப் போகிறேன் என்றதும் எங்கள் பணிமனையில் சிரித்தார்கள். அந்த வெயிலுக்கு யாராவது காசு கொடுத்துப் போவார்களா என்று கேட்டார்கள். நானாக விரும்பிப் போகவில்லை. என் மனைவி சாவித்திரியின் அக்காவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. பார்த்துக்கொள்ள சாவித்திரி போனாள். சாவித்திரியைப் பார்த்துக்கொள்ள நான் போனேன்.

இரண்டு நாளில் என் உதவியின் தரம் தெரிந்துவிட்டது. மாத்திரையை மாற்றி எடுத்துக் கொடுத்தேன். ரசத்தை இறக்கச் சொன்னால் பாலை இறக்கினேன். "நீங்க ஒரு வேலை செஞ்சா எனக்கு ரெண்டு வேலை ஆகுது. எங்கேயாவது போய்ட்டு வாங்க" என்றாள் சாவித்திரி. கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள். அது இன்னும் மோசம்.

இருபத்திரண்டு ஆண்டாகச் சிங்கப்பூரில் பேருந்து ஓட்டுகிறேன். என் வழித்தடம் முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சதுப்புநிலம் இருக்கிறது. இரண்டு நடைக்கு இடையில் கிடைக்கும் நேரத்தில் அங்கே போய் நிற்க ஆரம்பித்து, பறவை பார்க்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டது. இது தெரிந்த அக்கா மகள், தன் கைப்பேசியில் ஓர் அறிவிப்பைத் தேடி எடுத்துக் காட்டினாள். குளிர்காலத்துக்கு இங்கே வந்த பறவைகள் வடக்கே திரும்பும் நேரம் இது. வலசை கிளம்பும் பறவைகளைப் பார்க்க நான்கு நாள் பயணம். காலை ஐந்தரைக்கு வேன். மறுநாள் ஐந்தே காலுக்கே நான் போய் நின்றேன்.

வேனில் பதினோரு பேர். குழுவை நடத்துகிறவர் ஜெசீமா. முத்துப்பேட்டைக்காரர், கல்லூரியில் விலங்கியல் சொல்லித்தருகிறார், நாற்பது வயதிருக்கும். கணவர் துபாயில். எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். வேன் நகர்வதற்கு முன் அவர் எழுந்து நின்று மூன்று விதிகள் சொன்னார்.

"சத்தம் போடக் கூடாது. பக்கத்துல போகக் கூடாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லக் கூடாது."

மூன்றாவது விதியை நான் அரைமணி நேரத்தில் மீறினேன். திருவையாற்றுப் பக்கம் மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்த பறவைகளைக் காட்டி, "மைனா" என்றேன், சற்றுச் சத்தமாகவே. வேனில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

"நல்லாப் பாருங்க சார்" என்றார் ஜெசீமா. பார்த்தேன். உடல் இளஞ்சிவப்பு, தலையும் சிறகும் கறுப்பு. சூறைக்குருவிகள். கம்பியில் இருந்தவை சிலதான். அடுத்த நிமிடம் பக்கத்துத் தரிசிலிருந்து ஆயிரக்கணக்கில் கிளம்பின. ஈரவேட்டியை உதறினது போல வானத்தில் ஒரு வீச்சு, ஒரு மடிப்பு, மறுபடி ஒரு வீச்சு. "இன்னும் பத்து நாள்ல ஒண்ணுகூட இருக்காது. கஜகஸ்தான் பக்கம் போயிடும்" என்றார். அதற்கப்புறம் அன்று முழுவதும் நான் எந்தப் பறவைக்கும் பெயர் சொல்லவில்லை.

எனக்குப் பக்கத்து இருக்கையில் டாக்டர் பாலகுரு, பல் மருத்துவர். குழந்தையை மடியில் வைப்பது போலக் கேமராவை வைத்திருந்தார். நாளெல்லாம் மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்கிற மனிதர், ஞாயிறு வரை தன் வாயை மூடுவதில்லை என்று தீர்மானித்திருந்தார் போலும். முன் இருக்கையில் மல்லிகா, ஓய்வு பெற்ற செவிலியர். எத்தனை பறவை, எந்த இடம் என்று நோட்டில் குறிப்பது அவர் பொறுப்பு. பாலகுரு ஐந்நூறு என்று சொன்னால் மல்லிகா முந்நூறு என்று எழுதுவார். ஓட்டுநர் அந்தோணி. நானும் ஓட்டுநர் என்பதால் அவர் கியர் மாற்றுவதையே நான் முதல் ஒரு மணி நேரம் கவனித்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஹாரன் மட்டும் கொஞ்சம் அதிகம். எங்கள் ஊரில் நான் ஒரு மாதத்தில் அடிக்கிற ஹாரனை அவர் கும்பகோணம் சாலையில் ஒரே நிமிடத்தில் அடித்து முடித்தார்.

காலை உணவுக்கு நிறுத்திய கடையில் இட்லிக்குக் கடப்பா ஊற்றினார்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்து, சோம்பு மணக்க, சாம்பாரும் இல்லாமல் குருமாவும் இல்லாமல் நடுவில் நிற்கிற ஒரு குழம்பு. சிங்கப்பூரில் எல்லா நாட்டுச் சாப்பாடும் கிடைக்கும் என்று பெருமை பேசுகிறவன் நான். இது எனக்கு அங்கே கிடைத்ததில்லை. எட்டு இட்லி சாப்பிட்டேன்.

பக்கத்து மேசையில் நடவு வேலைக்கு வந்த வங்காளத்து ஆட்கள் நான்கு பேர். என் பேருந்தில் தினமும் ஏறும் பங்களாதேஷ் தொழிலாளர்களிடம் காதில் விழுந்து விழுந்து எனக்கு அந்த மொழி கொஞ்சம் புரியும். எங்கள் கழுத்தில் தொங்கிய பைனாகுலர்களைக் காட்டி ஒருவர் இன்னொருவரிடம், "இவர்கள் வயலில் எதையோ தொலைத்துவிட்டார்கள் போல. எல்லோரும் குழாய் வைத்துத் தேடுகிறார்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் முத்துப்பேட்டை. அலையாத்திக் காட்டுக்குள் இரண்டு படகுகளில் போனோம். இருபுறமும் பச்சைச் சுவர் போல மரங்கள், நடுவில் தேநீர் நிறத்தில் தண்ணீர். எங்கள் ஊர் சதுப்புநிலத்தில் மரப்பலகை நடைபாதை உண்டு, கைப்பிடி உண்டு, எங்கே நின்று எதைப் பார்க்க வேண்டும் என்று பலகை உண்டு. இங்கே ஒரு பலகையும் இல்லை. வளைவைத் தாண்டியதும் காயல் திறந்துகொண்டது. கடலா வானமா என்று பிரிக்க முடியாத வெளி. தூரத்தில் பூநாரைகள் நின்ற இடம் மட்டும் வெளிறிய சிவப்பு.

அந்த அழகில் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தோமோ, படகோட்டி கவனம் பிசகினாரோ, படகு சேற்றில் ஏறி நின்றுவிட்டது. தண்ணீர் முழங்காலுக்குக் கீழே. "இறங்கித் தள்ளினாத்தான் உண்டு" என்றார் படகோட்டி. இறங்கினோம். சேறு தொடைவரை இழுத்தது. மல்லிகா சேலையைச் சொருகிக்கொண்டு முதலில் தள்ளினார். பாலகுரு கேமராவைத் தலைக்குமேல் தூக்கியபடி நின்று, "இடது பக்கம், இடது பக்கம்" என்று ஆலோசனை சொன்னார். படகு கிளம்பியது. என் இடதுகால் ஷூ கிளம்பவில்லை. அது இன்னும் முத்துப்பேட்டைக் காயலில் இருக்கிறது.

மதியம் ஜெசீமாவின் அண்ணன் வீட்டில் சாப்பாடு. ஒற்றை ஷூவோடு வாசலில் நின்ற என்னைப் பார்த்து அவருடைய அண்ணி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு ஜோடி ரப்பர் செருப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இறால் வைத்துப் பொரித்த வாடாவைத் தட்டு நிறையக் கொடுத்தார். "சூடா இருக்கறப்பவே சாப்பிடுங்க. ஆறினா நமுத்துப்போயிடும்" என்றார். ஆற விடவில்லை.

அன்று மாலை பார்த்ததுதான் நான் சிங்கப்பூர்ப் பணிமனைக்கு எழுதிய முதல் செய்தி. சேற்றுத் திட்டில் ஒரு நூறு உள்ளான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. திடீரென்று மேய்வதை நிறுத்தின. ஒன்றையொன்று கூப்பிடுவது போல ஒரு சத்தம். பின்பு மொத்தமாக எழும்பி, எங்கள் தலைக்குமேல் ஒரு சுற்று, இரண்டு சுற்று, ஒவ்வொரு சுற்றும் முந்தினதைவிட உயரமாக. மூன்றாவது சுற்றில் இறங்கவில்லை. வடக்கே நேராகப் போயின. கண்ணுக்குத் தெரிந்தவரை பார்த்தோம்.

"இன்னிக்குத்தான் கிளம்புதுங்க" என்றார் ஜெசீமா. "பதினஞ்சு வருஷமா வர்றேன். கிளம்பற அந்த நிமிஷத்தை நாலு தடவைதான் பாத்திருக்கேன்."

பாலகுரு அந்த நேரத்தில் படமே எடுக்கவில்லை. கேட்டதற்கு மறந்துவிட்டது என்றார்.

மூன்றாம் நாள் பூதலூர்ப் பக்கம். போக வேண்டியது ஒரு குளத்துக்கு. போகிற வழியில் ஒரு வாய்க்கால் கரையில் வேனின் பின்சக்கரம் பஞ்சர். அந்தோணி ஜாக்கி வைக்க, நான் நட்டுகளைக் கழற்றினேன். மற்றவர்கள் நிழல் தேடிக் கரையோரம் போனார்கள். கொஞ்ச நேரத்தில் மல்லிகா கையைக் காட்டிக் கூப்பிட்டார். வாய் பேசவில்லை, கை மட்டும். கைநிறைய மசகோடு போனேன்.

வாய்க்கால் வறண்டிருந்தது. நாங்கள் நின்ற கரை, உள்பக்கம் மண்சுவர் போலச் செங்குத்தாக இறங்கியது. அந்தச் சுவரெங்கும் ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டையிலும் பச்சையும் நீலமுமாகப் பறவைகள் போவதும் வருவதுமாக இருந்தன. நீலவால் பஞ்சுருட்டான்கள். வடக்கே போகிறவை போக, கோடையில் இங்கே குடும்பம் நடத்த வருகிறவை இவை. மல்லிகா சற்றுத் தள்ளி வாய்க்காலுக்குள் இறங்கி நின்று இருமுறை எண்ணினார். நாற்பத்து மூன்று ஓட்டைகள். சக்கரம் மாற்றி முடிந்து அரைமணி ஆகியும் யாரும் வேனில் ஏறவில்லை.

அப்போது மொபெட்டில் ஒருவர் வந்து நின்றார். ஐம்பது வயது, தலையில் துண்டு. பெயர் ராஜாங்கம் என்றார். வாய்க்காலின் எதிர்ப்பக்க நிலம் அவருடையது.

"பாத்துக்கிட்டீங்களா? நல்லாப் பாத்துக்குங்க. நாளைக்கு மெஷின் வருது" என்றார்.

தூர்வார பொக்லைன் வரப்போகிறது. மேட்டூரில் தண்ணீர் திறப்பதற்குள் வாய்க்கால் சுத்தமாக வேண்டும். வண்டிப்பாதை நாங்கள் நின்ற கரையில்தான் இருந்தது. மெஷின் அதன்மேல் ஏறி நின்றுதான் வெட்டும். அதன் எடைக்கே அந்த ஓட்டைகள் எல்லாம் இடிந்துவிடும் என்பது யாரும் சொல்லாமலே புரிந்தது.

ஜெசீமா பதற்றப்படவில்லை. "கொஞ்ச நாள் தள்ளிப்போட முடியுமாண்ணே? குஞ்சு பறக்கற வரைக்கும்?" என்றார்.

"ரெண்டு வருஷமா எழுதிப் போட்டு இப்பத்தான் வந்திருக்கு டீச்சரம்மா. இதை விட்டா மெஷின் அடுத்த ஊருக்குப் போயிடும். போன வருஷம் வாய்க்கால் தூர்ந்துபோய்க் கடைமடைக்குத் தண்ணி ஏறல. எனக்குக் குறுவையே இல்ல. நான் குருவியப் பாக்கறதா, குறுவையப் பாக்கறதா?"

அவர் பேச்சில் எரிச்சல் இல்லை. கணக்கு வாத்தியார் போலக் கேட்டார். மறுநாள் ஞாயிறு. பேசிப் பார்க்கலாம் என்றால் எந்த அலுவலகமும் திறந்திருக்காது.

"எதிர்க்கரையில நின்னு வெட்டலாமே" என்றேன்.

"எதிர்க்கரை எங்க சார் இருக்கு? வரப்பு மாதிரி ஒரு கோடு. அதுக்கு அந்தாண்ட என் உளுந்து நிக்குது. காய் முத்திப்போச்சு. அதுமேல மெஷின விடச் சொல்றீங்களா?"

மல்லிகா உளுந்துச் செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எப்ப பிடுங்கப் போறீங்க?" என்று கேட்டார்.

"நாலு நாள்ல. ஆளுக்குச் சொல்லி வச்சிருக்கேன். வருவாங்களோ என்னவோ."

"மெஷின் நிக்கறதுக்கு எவ்வளவு இடம் வேணும்?"

ராஜாங்கம் கண்ணாலேயே அளந்தார். "அகலம் பன்னெண்டு அடி. நீளம் அந்த வேப்பமரம் வரைக்கும்."

"நாளைக்குக் காலையில நாங்க பிடுங்கித் தர்றோம்."

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பாலகுருவின் வெள்ளைத் தொப்பியில் கண் கொஞ்ச நேரம் நின்றது. "வெயில் ஏறினா காய் வெடிச்சுடும். பனி ஈரத்தோட பிடுங்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு மொபெட்டைக் கிளப்பினார். சரி என்றாரா, முடியாது என்றாரா என்று வழியெல்லாம் வாதம் செய்தோம்.

மறுநாள் பதினோரு பேரில் எட்டுப் பேர் வந்தோம். விடிகிற நேரத்தில் ராஜாங்கமும் அவர் மனைவி கமலாவும் வரப்பில் நின்றிருந்தார்கள். பொக்லைனும் வந்து நின்றிருந்தது. அதன் ஓட்டுநர் முருகேசன், தர்மபுரிக்காரர், சக்கரப் பட்டையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் பேச யார் போவது என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

போனேன். பறவையைப் பற்றி ஆரம்பிக்கவில்லை. மெஷினைப் பற்றிக் கேட்டேன். எத்தனை மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும், முதுகு தாங்குகிறதா என்று கேட்டேன். நானும் ஓட்டுநர் என்றதும் நகர்ந்து இடம் கொடுத்தார். அப்புறம் விஷயத்தைச் சொன்னேன்.

"இந்த முனையில ஆரம்பிக்கச் சொல்லியிருக்காங்கண்ணே" என்றார்.

"அந்த முனையில ஆரம்பிச்சா?"

யோசித்தார். "பதினோரு மணிக்கு இங்க வந்துடுவேன். அதுக்கு மேல நிறுத்த முடியாது. மெஷின் ஓடின நேரத்த அதுவே எழுதி வச்சுக்குது."

"எங்க பஸ்லயும் அப்படித்தான்."

"சிங்கப்பூர்லயுமா?" என்று சிரித்தார். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மெஷினை மறுமுனைக்குத் திருப்பினார்.

உளுந்து பிடுங்குவது பார்க்க எளிது. தூரோடு பிடித்து, இழுத்து, மண்ணை உதறி, கையில் நிறைந்ததும் குவியலாகப் போட வேண்டும். கமலா ஒருமுறை செய்து காட்டினார். முதல் பத்து நிமிடம் எல்லோரும் சிரித்துக்கொண்டே பிடுங்கினோம். அரைமணி கழித்து யாரும் சிரிக்கவில்லை. என் இடுப்பு இருபத்திரண்டு ஆண்டு உட்கார்ந்தே பழகியது. குனிந்தால் நிமிர மறுத்தது. பாலகுரு செடியைப் பாதியில் ஒடித்துக்கொண்டே இருந்தார்.

"வேரோட வரணும் டாக்டர்" என்றார் மல்லிகா. "பாதியில ஒடிஞ்சா உங்க தொழிலுக்குத்தான் கெட்ட பேரு."

கமலா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கட்டு கீழே விழுந்தது. அதற்குப் பிறகு பாலகுரு ஒடிக்கவில்லை. பேசவும் இல்லை.

ஒன்பது மணிக்குக் கமலா நீராகாரமும் மாங்காய் ஊறுகாயும் கொண்டுவந்தார். நின்றபடியே குடித்தோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அங்கங்கே காய் வெடிக்கிற மெல்லிய சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் ராஜாங்கம் திரும்பிப் பார்த்தார். அந்தோணி வேனைப் பூட்டிவிட்டு வரிசையில் சேர்ந்தார். மறுமுனையிலிருந்து மெஷின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டிருந்தது.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வேப்பமரத்துக்கு இன்னும் இருபது காலடி தூரம் பாக்கி. பொக்லைன் அந்தக் கரையில், எங்கள் துண்டின் முனைக்கு எதிரே வந்து நின்றது. முருகேசன் இறங்கினார். எங்களைப் பார்த்தார், மீதிச் செடியைப் பார்த்தார், ஓட்டைகளுக்கு முன்னால் பறந்துகொண்டிருந்த பஞ்சுருட்டான்களைப் பார்த்தார். எஞ்சினை அணைத்தார்.

"ரேடியேட்டர் சூடாயிருக்கு. ஒரு கால்மணி ஆறட்டும்" என்று ராஜாங்கத்திடம் சொன்னார்.

சூடான எஞ்சின் எப்படிச் சத்தம் போடும் என்று எனக்குத் தெரியும். அந்த எஞ்சின் சூடாகவே இல்லை. நான் குனிந்து அடுத்த செடியைப் பிடித்தேன்.

கால்மணியில் முடித்தோம். கடைசிக் கைப்பிடியை ராஜாங்கமே பிடுங்கினார். முருகேசன் மெஷினோடு வறண்ட வாய்க்காலில் இறங்கி, இந்தப் பக்கம் ஏறி, வெறும் மண்ணில் நிறுத்தினார். முதல் வெட்டுக்கு மெஷினின் கை நீண்டதும் எதிர்க்கரைச் சுவரிலிருந்து அத்தனை பறவைகளும் ஒரே நேரத்தில் கிளம்பின. கத்திக்கொண்டே மின்கம்பிக்குப் போய் உட்கார்ந்தன. சுவர் வெறிச்சென்று ஆனது. இவ்வளவு பாடுபட்டு நாமே விரட்டிவிட்டோமோ என்று நினைத்தேன். ஜெசீமா கண்ணிலிருந்து பைனாகுலரை எடுக்கவில்லை.

முருகேசன் நடுவாய்க்காலில் மட்டும் வெட்டினார். எதிர்ச்சுவருக்கு இரண்டு அடி முன்னால் ஒவ்வொரு முறையும் கை நின்றது. அவ்வளவு பெரிய இரும்பை அவ்வளவு மென்மையாக ஓட்டுகிறவரை நான் பார்த்ததில்லை. நாங்கள் வேப்பமர நிழலில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். பறவைகள் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பத்து நிமிடம். இருபது நிமிடம். மெஷின் ஓட்டைகளைத் தாண்டி மெதுவாக நகர்ந்து போனது.

ஒரு பறவை கம்பியை விட்டது. வயலுக்குமேல் ஒரு வளைவு வளைந்து எதையோ கவ்வியது. நேராக வந்து, சுவரை ஒட்டித் தயங்கி, ஓர் ஓட்டைக்குள் போனது. வெளியே வந்தபோது அலகு காலியாக இருந்தது.

"தட்டான் கொண்டுபோச்சு. வெறும் வாயோட வருது" என்றார் ஜெசீமா. "உள்ள குஞ்சு இருக்கு."

அடுத்தது வந்தது. அதற்கடுத்து மூன்று ஒன்றாக வந்தன. மல்லிகா நோட்டைத் திறந்தார். அவர் கைகளில் உளுந்துச் செடியின் பச்சைக்கறை, எழுதின எண்ணெல்லாம் அழுக்காக விழுந்தது.

ராஜாங்கம் எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தார். குவியல்களை ஒரு பார்வை பார்த்தார். மீதி நிற்கும் உளுந்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"ஏன் சார், உங்க ஆளுங்க நாளைக்கும் வருவாங்களா? இன்னும் அரை மா நிலத்துல உளுந்து பாக்கி இருக்கு."